சந்தை நம் அறியாமையை நம்பி நிற்கலாமா?



வாங்கும் பொருள் ஹலாலா என்று கேட்பதில் நம் குடும்பங்கள் மிகுந்த எச்சரிக்கை காட்டுகின்றன. இறைச்சி எவர் கையால் அறுபட்டது, பிள்ளைகள் தின்னும் மிட்டாயில் எந்தக் கொழுப்பு சேர்ந்துள்ளது என்றெல்லாம் விசாரித்தே வாங்குகிறோம். பாராட்டத்தக்க பேணுதல் இது. ஆயினும், அந்தப் பொருள் நம் கைக்கு வந்த வியாபாரம் நேர்மையானதா என்ற கேள்வி நம் வீடுகளில் அவ்வளவாக எழுவதில்லை. ஃபிக்ஹு நூல்களில் தொழுகைக்கும் நோன்புக்கும் உள்ளதுபோலவே கொடுக்கல் வாங்கலுக்கும் தனிப் பாகம் இருக்கிறது. கடைவீதிக்குச் செல்லும்போது அதை நாம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

இதற்கிடையில், எங்கே வாங்குவது என்பது பற்றி மட்டும் நம்மிடையே ஓயாத வாதம் நடக்கிறது. சந்தையும் தெருக்கடையும்தான் நம்முடையவை, குளிரூட்டிய மாளிகைகள் வீண்விரயத்தின் கூடாரங்கள் என்பர் பெரியவர்கள். சந்தையில் தரகும் பொய்யும் மலிந்துள்ளன, மாளிகையில் அச்சிட்ட ரசீதாவது கிடைக்கிறது என்பர் இளையவர்கள். இரு சாராரும் கட்டடத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லுகின்றனர் என்பது நம் கருத்து. பழையது என்பதால் சந்தைக்குத் தூய்மை வந்துவிடாது. புதியது என்பதால் பேரங்காடி பாவமும் ஆகிவிடாது. மார்க்கம் வேறோர் உரைகல்லை நம் கையில் தந்திருக்கிறது.

மதீனா தந்த உரைகல்

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரழி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்களோ அவருக்காக துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். உழைத்துண்ண விரும்பியவருக்குச் சந்தையே முதல் வாயில். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் முஸ்லிம்களுக்கென ஒரு சந்தைத் திடலையும் ஒதுக்கி, அங்கே வரி விதிக்கலாகாது என்றும் அறிவித்ததாக ஹதீஸ் நூல் ஒன்று கூறுகிறது.

அதே மதீனாவின் கடைவீதியில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். நனைந்த தானியத்தை விற்கலாகாது என்று அவர்கள் தடுக்கவில்லை. ஈரத்தை மறைத்ததே குற்றமாயிற்று.

வணிகம் பற்றிய நபிமொழிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், எந்தச் சந்தையையும் உரசிப் பார்க்க நான்கு கேள்விகள் கிடைக்கும். விலை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிகிறதா? அளவும் எடையும் தெரிகின்றனவா? பொருளின் குறை தெரிகிறதா? குறை கண்டால் திருப்பித் தர வழியிருக்கிறதா? சுருங்கச் சொன்னால், அந்த வணிகம் நம் அறிவை மதித்து நடக்கிறதா, அல்லது நம் அறியாமையால் பிழைக்கிறதா என்பதே கேள்வி.

எட்டயபுரம் ஆட்டுச் சந்தை

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியுள்ள எட்டயபுரத்திலிருந்தே தொடங்குவோம். சனிக்கிழமை தோறும் இங்குக் கூடும் ஆட்டுச் சந்தை தென்மாவட்டங்களின் பெயர்பெற்ற சந்தைகளுள் ஒன்று. கருநிறத்தில் முகத்தில் வெள்ளைக் கோடு ஓடும் கன்னி ஆடு, நெடிய கால்களுடைய கொடி ஆடு, அருகிலுள்ள வேம்பூரின் பெயர் தாங்கிய பொட்டு ஆடு எனக் கரிசல் பூமியின் சொந்த இனங்கள் விடியுமுன்பே வந்து இறங்கிவிடும். பக்ரீத் நெருங்கினால் பல மாவட்டத்து வியாபாரிகளும் இங்கே திரளுவர்.

இச்சந்தை செய்யும் சேவை பெரிது. மழையை நம்பி விதைக்கும் மானாவாரி விவசாயிக்கு ஆடுதான் வங்கி. பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்தால், ஓட்டிச் சென்ற அன்றே பணமாக்கலாம். வாங்குபவரும் ஆட்டைத் தம் கையாலேயே சோதிக்கலாம். வாயைத் திறந்து பல் பார்க்கலாம், முதுகெலும்பைத் தடவிச் சதை பார்க்கலாம், நடக்கவிட்டு நொண்டல் பார்க்கலாம். குருடு, நொண்டி, வெளிப்படையான நோய், எலும்பும் தோலுமான மெலிவு ஆகிய குறைகள் உள்ள பிராணி குர்பானிக்கு ஆகாது. எனவே குறையைக் கண்டறிய இடமளிக்கும் சந்தை நம் வணக்கத்திற்கே துணை நிற்கிறது.

ஆனால் விலையிலும் எடையிலும் இச்சந்தை முறை நம்மைக் கைவிடுகிறது. ஆடு கண்மதிப்பில்தான் விலையாகிறது. இருபது ஆண்டு பழகிய கண்ணும் ஆண்டுக்கொரு முறை வரும் கண்ணும் ஒன்றாகுமா? கால்நடைச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கமும் தொன்றுதொட்டு உண்டு. பேசுகிற இருவருக்கு அது தெளிவான மொழிதான். அருகில் நிற்கும் புதியவருக்கோ அன்றைய விலை நிலவரமே புலப்படாது. உடையவரிடம் ஒரு விலையும் வாங்குபவரிடம் வேறொரு விலையும் சொல்லி, இடையிலுள்ளதை அறிவிக்காமல் எடுத்துக்கொள்ளும் தரகு அமானித மோசடியன்றி வேறில்லை. செய்த வேலைக்குப் பேசிப் பெறும் தரகுக் கூலியை நாம் குறை கூறவில்லை.

இவற்றுள் எதுவும் புதிதன்று. சந்தை நிலவரம் அறியாமல் வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு கொள்முதல் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இன்று சந்தைக்கு வரும் விவசாயியைச் சாலையிலேயே மறித்து விலை முடிப்பது அதன் மறுபிறவியே. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்பதும் தடுக்கப்பட்டது. பால் கறக்காமல் மடியைப் பெருக்கவைத்து ஆட்டை விற்றால், வாங்கியவர் மூன்று நாளுக்குள் அதைத் திருப்பித் தரலாம் என்றும், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஃ பேரீச்சம்பழம் சேர்த்துத் தர வேண்டும் என்றும் தீர்ப்பானது. ஷாஃபிஈ மத்ஹபினர் இதனை அவ்வாறே சட்டமாகக் கொண்டனர். ஹனஃபி மத்ஹபினர் விளக்கத்தில் வேறுபட்டாலும், இச்செயல் ஏமாற்று என்பதில் இருவருக்கும் ஒரே கருத்துதான். எடைக்கு விற்கும் நாளில் உப்பும் நீரும் புகட்டி வயிற்றை நிரப்புகிறவர், மடி பெருக்கியவரின் வழித்தோன்றலே.

இதில் மிகுதியும் பாதிக்கப்படுபவர் யார்? ஆண்மகன் துணையில்லாத வீட்டில், ஆண்டு முழுதும் சிறுகச் சேர்த்துக் குர்பானி கொடுக்க நிய்யத் வைக்கும் விதவைத் தாய். சந்தைக்குள் அவரால் எளிதில் செல்ல இயலாது. பிறர் சொன்ன விலையே அவருக்கு விலை.

உழவர் சந்தை

இக்குறைக்கு அரசு கண்ட மாற்றுகளுள் ஒன்று உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலாவது திறக்கப்பட்டது. கோவில்பட்டியிலும் ஒன்று உண்டு. படம் ஒட்டிய அடையாள அட்டை பெற்ற உழவர் மட்டுமே விற்கலாம். கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே தரப்படும். ஒவ்வொரு நாளும் விலை குறிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படும். மொத்த விலைக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு மேலாகவும், சில்லறை விலைக்கு 15 விழுக்காடு கீழாகவும் அது அமைய வேண்டும் என்பது ஏற்பாடு. உழவருக்கும் கூடுதல் கிடைக்கிறது, வாங்குபவருக்கும் மிச்சமாகிறது. துண்டுக்கடியில் கிடந்த விலை, எழுதப் படிக்கத் தெரிந்த சிறுமியும் வாசிக்கும்படி பலகைக்கு ஏறிவிட்டது.

மதீனாவில் விலை ஏறியபோது நபி (ஸல்) அவர்கள் விலை நிர்ணயம் செய்ய மறுத்தார்களே என்று சிலர் வினவக்கூடும். உண்மைதான். விற்பவர்மீது வலிந்து விலையைத் திணித்தால் அவருக்கு அநீதி நேரும் என்பதே அம்மறுப்பின் கருத்து. உழவர் சந்தைக்கு வரும்படி எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை, விரும்பாதவர் வெளியே விற்கலாம். பதுக்கல் போன்றவற்றால் மக்கள் அவதியுறும்போது ஆட்சியாளர் தலையிடலாம் என்று இப்னு தைமிய்யா (ரஹ்) போன்ற அறிஞர்களும் எழுதியுள்ளனர். இம்முறையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. உழவர் அட்டையுடன் வியாபாரியே உள்ளே அமர்ந்துவிட்டால் பலகையும் தராசும் இருந்தும் பயனில்லை. கண்காணிப்பு தளரும்போது இது நேருகிறது. மதீனாவின் சந்தையை மேற்பார்க்க உமர் (ரழி) அவர்கள் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) என்ற பெண்மணியை நியமித்ததாக வரலாற்று நூல்கள் கூறுவதையும், பிற்கால முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்ற அதிகாரி தராசுகளைச் சோதித்து வந்ததையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

தெருமுனைப் பலசரக்குக் கடை

ஏழைக்கு மிக அருகில் நிற்பது இக்கடையே. பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்குச் சீரகம் என்று அளந்து தருவார். வாரக் கூலி வரும்வரை கடனும் தருவார். தீப்பெட்டி ஆலைகளிலும் கடலைமிட்டாய்க் கூடங்களிலும் உழைக்கும் கோவில்பட்டி வட்டாரக் குடும்பங்களில் எத்தனையோ அடுப்புகள் இந்தக் கடன் நோட்டால் எரிகின்றன. கையில் பணமில்லாதவரை உள்ளே அழைத்துச் சோறு போடும் வணிகம் வேறெங்கு உண்டு? கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரும்படி அல்பகரா அத்தியாயம் கற்பிக்கிறது. பல கடைக்காரர்கள் அதை ஓதாமலேயே செயலில் காட்டுகின்றனர்.

எனினும் அதே அத்தியாயத்தின் மிக நீண்ட வசனம், கடனை எழுதிவைக்கும்படியும் சாட்சி வைக்கும்படியும் ஏவுகிறது. நம் தெருக்களில் நோட்டு ஒன்றுதான், அதுவும் கடைக்காரரிடம் மட்டும். மாதக் கடைசியில் அவர் சொல்லும் தொகையே கணக்கு. கடனுக்கு வாங்குபவருக்கு ஒரு விலை, ரொக்கத்திற்கு ஒரு விலை என்பதும் உண்டு. தவணைக்கென்று கூடுதல் விலையை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டால் அதற்கு ஃபிக்ஹில் இடமிருக்கிறது. சொல்லாமல் ஏற்றுவது ஏமாற்று. தாமதமாகிவிட்டதென்று பின்னர் ஏற்றுவது வட்டி. குளிர்பானத்திற்கும் பால் பாக்கெட்டிற்கும் குளிர்பெட்டியைக் காரணம் காட்டி, அச்சிட்ட விலைக்குமேல் இரண்டு ரூபாய் வாங்குவதைச் சட்டமும் ஏற்பதில்லை. சில்லறைத் தொகைதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. அளவில் குறைப்போரை எச்சரித்து ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது.

சூப்பர் மார்க்கெட்

வாங்குபவர் தாமே எடுத்துக்கொள்ளும் கடைமுறை 1916ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்னும் கடையில் தொடங்கியது. இன்று நம் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. அதன் நன்மையை மறுப்பது நீதியாகாது. விலை எல்லோருக்கும் ஒன்றே. பேரம் பேசக் கூச்சப்படும் பெண், ஊருக்குப் புதியவர், கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை என எவராயினும் ஏமாறாமல் வாங்கலாம். பொட்டலத்தில் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம் ஆகியன அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதன் விதிகளும் கட்டளையிடுகின்றன. நம் நான்கு கேள்விகளில் முதல் இரண்டிற்கு இங்கே எழுத்திலேயே பதில் இருக்கிறது.

அந்த எழுத்தை நாம் படிக்க மாட்டோம் என்ற நம்பிக்கையும் இவ்வணிகத்தில் கலந்திருக்கிறது. விலையை அப்படியே வைத்து எடையை மட்டும் குறைத்த பொட்டலங்கள் அடுக்கில் நிற்கின்றன. குறைந்த எடை உள்ளபடியே அச்சிடப்பட்டிருப்பதால் இதை நேரடியான அளவு மோசடி என்று சொல்ல இயலாது. ஆயினும் நம் கவனக்குறைவே அதன் மூலதனம். பெரிய பொட்டலம் மலிவு என்று எண்ணி எடுத்தால், ஒரு கிராமுக்கான கணக்கில் சிறியதே மலிவாக இருப்பதும் உண்டு. இதற்காகவே இப்போது ஓர் அலகின் விலையையும் அச்சிட வேண்டும் என்று விதி வந்துள்ளது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கோ செய்ததற்கு இவ்வூரின் பெயரை ஒட்டி விற்றால், அது மேலே உலர்ந்த தானியத்தையும் கீழே நனைந்ததையும் வைத்த குவியலே.

கடன் சொல்ல இங்கே இடமில்லை என்பதையும் மறக்கலாகாது. ரொக்கம் உள்ளபோது பேரங்காடிக்கும், இல்லாதபோது தெருமுனைக் கடைக்கும் போகிறவர்களாக நாம் எல்லோரும் மாறிவிட்டால் அந்தக் கடை எத்தனை நாள் தாங்கும்? அது மூடப்படும் நாளில், நம் மஹல்லாவின் ஏழைக்குக் கடன் தர எவரும் மிஞ்சமாட்டார்.

ஜவுளி மாளிகையும் மாலும்

பெருநாளுக்கும் நிக்காஹ்வுக்கும் நம் மக்கள் பேருந்து ஏறித் திருநெல்வேலியிலும் மதுரையிலும் உள்ள ஜவுளி மாளிகைகளுக்குச் செல்கின்றனர். பல மாடிகளில் தெரிவு, பிள்ளைகளுக்குக் கழிப்பறை, முதியவருக்கு மின்தூக்கி, பெண்கள் நெரிசலின்றி நின்று பார்க்க இடம் ஆகிய யாவும் உண்மையான வசதிகளே. 1956ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் விக்டர் குருவென் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த சவுத்டேல், முற்றிலும் மூடிக் குளிரூட்டிய மால்களுக்கு முன்னோடி. மக்கள் கூடிப் பழகும் ஊர்ப் பொதுவிடமாக அது விளங்க வேண்டுமென்று அவர் கனவு கண்டார். பின்னாளில் வளர்ந்த மால்களின் போக்கைக் கண்டு அவரே வெறுத்து ஒதுக்கினார். நேரம் போவது தெரியாதபடி உள்ளே வைத்திருப்பதே இவற்றின் கலையாகிவிட்டது. தொழுகை நேரம் நழுவுவதும் அதன் ஒரு விளைவு.

விலையை ஏற்றி எழுதிவிட்டுத் தள்ளுபடி என்று குறைப்பது இல்லாத சலுகையைக் காட்டும் பொய். வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரமும் அத்தகையதே. பூஜ்ய வட்டி என ஒன்று உண்மையில் இல்லை என்று 2013ல் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது. ரொக்கத்திற்குரிய தள்ளுபடியை மறுத்தோ, கட்டணம் என்ற பெயரிலோ வட்டி வேறு வாசலால் வந்துவிடுகிறது. தவணைத் தாளில் ஒப்பமிடுமுன் அதை முழுதும் வாசிப்பது நம் கடமை.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். நமக்கு முகம் கோணாமல் ஐம்பது சேலை விரித்துக் காட்டும் பிள்ளைகள், நாள் முழுதும் நின்றபடியே பணி செய்கின்றனர். கடைப் பணியாளர் அமர இருக்கை தர வேண்டும் என 2021ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. பணியாளரைத் தாங்க இயலாத சுமைக்கு உட்படுத்தலாகாது என்பது நபிகளாரின் போதனை. இருக்கையில்லாத கடையில் நாம் பெறும் உபசரிப்பு அந்தக் கால்களின் வலியால் வந்தது. கேட்க வேண்டிய வாடிக்கையாளர் நாம்தான்.

நாம் செய்ய வேண்டியவை

நான்காவது கேள்வி எஞ்சியுள்ளது. வாங்கும்போது மறைந்திருந்த குறை பின்னர் தெரிந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமைக்கு ஃபிக்ஹில் கியாருல் ஐப் என்று பெயர். நான்கு மத்ஹபுகளும் அதை ஏற்கின்றன. பார்க்காமல் வாங்கியவர் பார்த்தபின் மறுக்கலாம் என்று ஹனஃபி மத்ஹபு தரும் உரிமை, கைப்பேசியில் படம் பார்த்து வாங்கும் இக்காலத்திற்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. அப்படியிருக்க, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற பலகை நம் சகோதரர்களின் கடைகளிலும் தொங்குவது ஏன்? மேலே பிஸ்மில்லாஹ் எழுதி, கீழே இந்தப் பலகையைத் தொங்கவிடுவது பொருந்தவில்லை. குறையிருந்தால் மாற்றித் தருவோம் என்று எழுதிப் பாருங்கள். பரக்கத் குறையாது, இன்ஷா அல்லாஹ்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். பக்ரீதுக்கு முந்தைய சனிக்கிழமைகளில், ஆடு பிடிக்கத் தெரிந்த நம்பகமான இருவரை எட்டயபுரம் சந்தைக்கு அனுப்புங்கள். எந்த வயது, எந்த எடை ஆடு எந்த விலைக்குப் போயிற்று என்பதைப் பள்ளிவாசல் பலகையில் எழுதுங்கள். பள்ளி வளாகத்தில் ஓர் எடைமேடை வையுங்கள். விதவைகளுக்கும் முதியவர்களுக்கும் கூலி பேசி வாங்கிக் கொடுத்து, வாங்கிய விலையை அப்படியே சொல்லுங்கள். செலவு சிறிது, ஆனால் ஏமாறும் வீடுகள் குறையும்.

குடும்பங்கள் கடன் கணக்கிற்கு இரு நோட்டு வைக்கட்டும், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். ரசீது கேட்டு வாங்குங்கள். நியாயம் கிடைக்காவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மதரஸாக்களில் கொடுக்கல் வாங்கல் பாடத்தை எடுக்கும்போது, இரண்டு பருப்புப் பொட்டலங்களையும் ஒரு ரசீதையும் பிள்ளைகள் முன் வைத்து நடத்துவோம். எடையும் விலையும் அவர்களே வாசித்துக் கணக்கிடட்டும். அந்தப் பிள்ளைகளில் பலர் நாளை கடை வைப்பார்கள், எல்லோரும் கடைக்குப் போவார்கள்.

சந்தைக்குச் செல்லலாம், மாளிகைக்கும் செல்லலாம். எங்குச் சென்றாலும் அந்த நான்கு கேள்விகளையும் உடன் எடுத்துச் செல்வோம். கல்லாவின் உட்புறம் அமர்ந்திருப்பவர் நாமாக இருந்தால், வாடிக்கையாளர் கேட்குமுன்பே பதில் சொல்லிவிடுவோம்.

நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி, ஹலாலான உழைப்பில் பரக்கத் செய்வானாக அல்லாஹ். ஆமீன். வஸ்ஸலாம்.